வேலிக்குள் என்ன இருந்தது? – தி லாஸ்ட் ஆஃப் அஸ், முதல் சீசன், மூன்றாவது எபிசோட்

மழைக்காகம்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழை முழுக்க ஸ்பாய்லர். மூன்றாவது எபிசோட் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2023 ஜனவரி 29-ல் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்ததை நான் நேற்று இரவுதான் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம். முடிந்ததும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளில் எனக்கு எப்போதும் ஒரே இடத்தில் சலிப்பு தட்டும். ஒரு வேலி இருக்கும். வெளியே ஆபத்து, உள்ளே பத்துப் பேர் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலி உடையுமா, யார் உடைப்பார்கள், எப்போது உடையும் என்பதுதான் மொத்தக் கதையும். உள்ளே இருக்கிறவர்கள் எதற்காக உயிரோடு இருக்கிறார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. இந்த எபிசோட் அதைக் கேட்கிறது.

பில் என்று ஒரு தனி மனிதர். 2003-ல் பூஞ்சைத் தொற்று பரவி ராணுவம் ஊரையே காலி செய்யும்போது வீட்டு நிலவறையில் ஒளிந்துகொண்டு கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் போன பிறகு அவர் முகத்தில் வருவது நிம்மதி. அந்த மனிதர் இதற்காகவே வாழ்நாள் முழுக்கத் தயாராகி இருந்திருக்கிறார். வேலி போடுகிறார், பொறி வைக்கிறார், சாப்பிட்டுக்கொண்டே தொற்று பிடித்த ஒருவன் பொறியில் மாட்டிச் சாவதைத் திரையில் பார்க்கிறார். நான்கு வருடம் அப்படியே போகிறது. அப்புறம் பொறிக்குழியில் ஃபிராங்க் விழுகிறார். பால்டிமோர் முகாம் அழிந்து, பத்துப் பேராகக் கிளம்பி, இவர் ஒருவர் மட்டும் மிஞ்சி பாஸ்டனுக்கு நடந்து போகும் மனிதர்.

ஒரு சாப்பாடு போடுகிறார் பில். முயல் கறி, அதோடு வைன். ஃபிராங்க் முதல் வாய் எடுத்து வைத்ததும் அவர் முகத்தைப் பாருங்கள். பல மாதமாக ஒழுங்கான சாப்பாட்டையே பார்க்காத முகம் அது. எதிரில் பில்லின் முகத்தையும் பாருங்கள், தான் சமைத்ததை இன்னொருவர் ரசித்துச் சாப்பிடுவதை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார். நான்கு வருடமாக ஒரு ஆளுக்கு மட்டும் இவ்வளவு நன்றாகச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மேலே பார்த்தேன்.

அப்புறம் அந்த ஸ்ட்ராபெரி. பில்லின் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து ஃபிராங்க் விதை வாங்கியிருக்கிறார். பழம் பழுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறார் பில், கடித்ததும் சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். அந்த ஊருக்குள் அவர் அடுக்கி வைத்திருந்த அத்தனை துப்பாக்கியும் அந்த ஒரு சிரிப்பைக் காப்பாற்றத்தான் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு என்ன தோன்றியது? கடைசி நாளைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

குறுக்குக்கேள்வி:

நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிக் ஆஃபர்மேனுக்கு இதற்காக எம்மி கிடைத்தது சரியான முடிவு. அதே பிரிவில் மர்ரே பார்ட்லெட்டும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார், இருவருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆனால் கதை நகர்ந்ததா? முந்தைய எபிசோடின் முடிவில்தான் டெஸ் சாகிறாள். சீரிஸின் நாயகன் ஜோயல் இத்தனை வருடம் கூடவே இருந்தவளைப் பறிகொடுத்துவிட்டு, விருப்பமே இல்லாமல் எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். நான் அந்த இருவரோடு இருக்க விரும்பினேன். அவர்களை ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு நாம் அறிமுகமே இல்லாத இருவரின் இருபது வருட வாழ்க்கைக்குள் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது அந்த இருவரும் இல்லை. ஒரு கடிதமும் ஒரு வண்டியும் மிச்சம். கதைக்குத் தேவைப்பட்டது வண்டி மட்டும்தான்.

அந்தக் கடிதமும் எனக்கு உறுத்தியது. உன்னையும் என்னையும் போன்ற ஆட்கள் இருப்பதே ஒருவரைக் காப்பாற்றத்தான் என்று பில் ஜோயலுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ஜோயல் தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தை இன்னொருவர் தாளில் எழுதிக் கையில் கொடுப்பது எழுத்தாளருக்கு வசதி, பார்க்கிற எனக்கு ஏமாற்றம்.

ஜாய்ஸ்டிக்:

நான் இந்த சீரிஸுக்கு மூலமான வீடியோ கேம் வழியாக வந்தவன். 2013-ல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்டபோதே விளையாடியவன். அதனால் எனக்கு இந்த எபிசோட் முதல் தடவை பார்த்தபோது கோபம்தான் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

கேமில் பில் உயிரோடு இருக்கிறார். சிடுசிடுவென்று, யாரையும் நம்பாமல், எல்லியோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு. ஃபிராங்க்தான் இல்லை. பில்லோடு இருக்கப் பிடிக்காமல் ஓடிப்போய், தொற்று கடித்ததால் தூக்கில் தொங்கிவிட்டார். அவர் எழுதி வைத்த காகிதம் ஒரு வீட்டில் கிடைக்கும், பில்லை எவ்வளவு வெறுத்தார் என்று அதில் இருக்கும். அதை பில்லிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்பது விளையாடுகிறவர் கையில். நான் கொடுத்தேன். அந்த மனிதர் அதைப் படித்துவிட்டு நின்ற விதம் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. ஜோயலுக்கு அது ஓர் எச்சரிக்கை: யாரையும் நெருங்க விடாமல் இருந்தால் கடைசியில் நீயும் இப்படித்தான் நிற்பாய் என்று.

சீரிஸ் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. கேமில் வெறுப்பைச் சொல்லும் காகிதம், இங்கே அன்பைச் சொல்லும் கடிதம். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் இது கேமை மதிக்காமல் செய்ததில்லை என்று புரிந்தது. அதே கேள்விக்கு இன்னொரு விடையை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் இன்னும் இழப்புதான்: பில்லும் எல்லியும் சந்திக்கவே இல்லை. அந்த இருவரும் ஒரே அறையில் கத்திக்கொள்ளும் பத்து நிமிடத்துக்காக நான் காத்திருந்தேன்.

மழைக்காகம்:

@ஜாய்ஸ்டிக், இது எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தை அறிந்த பிறகு கடிதம் வேறு மாதிரி கேட்கிறது. நன்றி.

பழையபட்டறை:

எனக்கு அழுகை வந்ததா என்றால் வந்தது. ஆனால் கையில் ஸ்பேனர் பிடித்தே வளர்ந்தவன், சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பில் இயற்கை எரிவாயு நிலையத்துக்குப் போய் ஊருக்குத் திரும்ப எரிவாயு வர வைக்கிறார். குழாயில் வரும் எரிவாயு எங்கோ தொலைவில் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டு, வழி நெடுக அழுத்த நிலையங்கள் தள்ளித் தள்ளி வருவது. அந்த நிலையங்களில் ஆள் இல்லை என்றால் குழாயில் மிச்சமிருப்பது கொஞ்ச காலத்துக்கு ஓடும், அவ்வளவுதான். இருபது வருடம் ஓடாது. பெட்ரோலும் அப்படித்தான். லேசான பகுதி முதலில் ஆவியாகும், மீதி காற்றோடு சேர்ந்து பசை மாதிரி படியும். நன்றாக மூடி வைத்தாலும் ஒரு வருடம், மருந்து கலந்து வைத்தால் இன்னும் கொஞ்சம். 2003-ல் சேர்த்து வைத்ததை 2023-ல் ஊற்றி வண்டியைக் கிளப்புவது நடக்காத காரியம். (அடுத்த எபிசோடில் ஜோயலே பெட்ரோல் கெட்டுப்போய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்வார், அதனால் எழுதியவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இது கதையைக் கெடுக்கும் தகவல் இல்லை.)

ஆனால் ஒரு இடம் அருமையாகச் செய்திருக்கிறார்கள். 2010-ல் மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஜோயல், வேலிக் கம்பியைப் பார்த்ததும் துத்தநாகப் பூச்சு போய் அரிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஒரு வருடம் தாங்கும், நான் அலுமினியக் கம்பி கொண்டுவந்து தருகிறேன், அது உன் ஆயுசுக்கும் போதும் என்கிறார். துத்தநாகம் இரும்பை மூடி வைப்பதோடு நிற்பதில்லை, இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்ததும் துரு இரும்பில் நேராகக் கை வைக்கும். அதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவர் ஒரு கட்டட வேலைக்காரர். ஜோயலின் பழைய தொழில் அதுதான். பேச்சில் தோற்ற இருவரும் கம்பி விஷயத்தில் ஒருவரை ஒருவர் மதிக்கிறார்கள். நட்பு என்று வாயால் சொல்லாமலே நட்பைக் காட்டிவிட்டார்கள். கம்பி பில்லின் ஆயுசுக்கும் தாங்கியது என்பது கடைசியில்தான் எனக்கு உறைத்தது.

பூஞ்சைப்பிரியன்:

எல்லோரும் வைனையும் வேலியையும் பேசுகிறீர்கள், எனக்கு எபிசோடின் முதல் பத்து நிமிடம்தான் மனதில் நிற்கிறது. காட்டுப் பாதையில் எலும்புக் குவியல். இவர்களுக்குத் தொற்றே இல்லை, முகாமில் இடம் இல்லை என்பதால் கொன்றுவிட்டார்கள், செத்தவர்களைத் தொற்ற முடியாதே என்கிறார் ஜோயல். ஒரு பெண்ணின் உடுப்பும் குழந்தையைச் சுற்றிய துணியும் தெரிகிறது. அடுத்த காட்சி 2003. அதே உடுப்பு, அதே துணி, குழந்தை உயிரோடு இருக்கிறது. வண்டியில் ஏறிப் போகிறாள். பில் நிலவறையில் ஒளியாமல் இருந்திருந்தால் அந்தக் குவியலில் அவரும் இருந்திருப்பார். யாரையும் நம்பாத அவருடைய குணம்தான் அவரைக் காப்பாற்றியது, இதை எபிசோட் மறைக்கவில்லை. அதனால்தான் பிற்பாடு அவர் மாறுவதற்கு மதிப்பு இருக்கிறது.

அறிவியல் பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். கதையில் வரும் தொற்றுக்கு மூலம் ஓர் உண்மையான பூஞ்சை. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற அது எறும்புகளைப் பிடிக்கும். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1859-லேயே இப்படிப்பட்ட எறும்புகளைச் சேகரித்திருக்கிறார். பிடிபட்ட எறும்பு கூட்டை விட்டு வெளியேறி, தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்க நரம்பைக் கடித்துக்கொண்டு செத்துப்போகும். பிறகு அதன் தலைக்குப் பின்னாலிருந்து தண்டு முளைக்கும். 2017-ல் வந்த ஆய்வில் பூஞ்சை மூளைக்குள் புகவில்லை, தசை நார்களைச் சுற்றி வலை பின்னிக்கொள்கிறது என்று தெரிந்தது. எனக்கு அது சீரிஸை விடவும் பயமாக இருந்தது.

மனிதர்களுக்கு வராததற்கு முக்கியக் காரணம் நம் உடம்பின் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி தாங்காது. அதோடு இந்த வகைப் பூஞ்சை தனக்குப் பழகிய எறும்பினத்தை விட்டு வேறு எறும்புக்குக்கூட எளிதில் தாவாது. முதல் எபிசோட் 1968-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தொடங்குவது இந்தச் சூட்டுக் கணக்கை வைத்துத்தான்: உலகம் சூடானால், பூஞ்சை சூட்டுக்குப் பழகினால் என்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் ஆபத்தான பூஞ்சைகள் என்று 19-ஐப் பட்டியல் போட்டது. அதில் எறும்புப் பூஞ்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

குறுக்குக்கேள்வி:

@பூஞ்சைப்பிரியன், அந்தத் துணி விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். கஷ்டமாக இருக்கிறது.

இரவுவிழிப்பு:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசித்து இன்றுதான் எழுதுகிறேன். மழைக்காகம், கடைசி நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றீர்கள், யாரும் பேசவில்லை.

என் கணவருக்கு நரம்பு நோய். ஆறு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஃபிராங்குக்கு என்ன நோய் என்று எபிசோட் பெயர் சொல்வதில்லை, ஆனால் அந்தக் கை நடுங்கும் விதமும் தூரிகையைப் பிடிக்கச் சிரமப்படுவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. சில இடங்கள் அவ்வளவு சரியாக இருந்தன. பில் ஃபிராங்கைத் தூக்கும்போது பில்லுக்கும் வயதாகிவிட்டது தெரிகிறது, அவருக்கும் முதுகு வலிக்கிறது, அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்க்கிறார். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. தினமும் நடப்பதற்கு என்ன பேச்சு? அதை எழுதியவர் யாரையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அப்படி ஒருவரைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஸ்ட்ராபெரி, கொள்ளைக்காரர்கள் வந்த இரவு, பில்லுக்குக் குண்டு பட்டது, அதெல்லாம் 2013. அடுத்து நேராக 2023. பத்து வருடத்தைத் தாண்டிவிட்டார்கள். ஃபிராங்குக்கு முதல் தடவை கை மரத்துப் போன நாள், இனி படி ஏற முடியாது என்று தெரிந்த நாள், பில் எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய் நின்ற நாள், எல்லாம் அந்தப் பத்து வருடத்துக்குள்தான் இருந்திருக்கும். காதல் என்பதே அங்கேதான் நடந்திருக்கும். நமக்குக் காட்டியது அதன் தொடக்கமும் முடிவும். முடிவு ஒரே ஒரு நாள், நல்ல உடை, கல்யாணம், முதல் நாள் சாப்பிட்ட அதே முயல் கறி, அதே வைன். அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழகான ஒரு நாளைப் பார்த்துவிட்டு இதுதான் அந்த வாழ்க்கை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சாக வேண்டும் என்று ஃபிராங்க் எடுத்த முடிவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் உடம்பு, அவர் வலி. மருத்துவமனை இல்லாத உலகம் வேறு. பில்லும் கூடவே செத்துப்போனதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபிராங்கே இதை நான் ஆதரிக்கவில்லை என்று சொல்கிறார், அதற்கு நன்றி, அந்த வசனம் இல்லாமல் போயிருந்தால் அங்கேயே அணைத்திருப்பேன். என் கணவர் போன பிறகு எனக்கும் எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. முடியவில்லை. மறுநாள் காலை வந்தது, அதற்கு அடுத்த காலையும் வந்தது. பில்லுக்கும் அந்தக் காலையைக் கொடுத்திருக்கலாம். ஜோயல் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே தனியாக ஒரு கிழவர் ஸ்ட்ராபெரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

குறுக்குக்கேள்வி:

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு நான் முன்னால் எழுதியது சின்ன விஷயமாகப் படுகிறது. நீங்கள் சொன்ன அந்தக் கிழவர் இருந்திருந்தால் ஜாய்ஸ்டிக்குக்கும் அவர் கேட்ட பத்து நிமிடம் கிடைத்திருக்கும். எல்லியும் பில்லும் ஒரே தோட்டத்தில். அதைப் பார்க்க நானும் ஆசைப்படுகிறேன்.

பழையபட்டறை:

செடியும் தாங்கியிருக்கும். ஸ்ட்ராபெரி ஒருமுறை பிடித்துவிட்டால் தானே கொடி ஓட்டிப் புதுச் செடி விடும். தாய்ச் செடி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும், ஆனால் கொடியில் வேர் பிடித்த கன்றுகளைப் பிரித்து நட்டுக்கொண்டே போனால் பாத்தி அழியாது. அந்த ஒரு துப்பாக்கிக்கு ஃபிராங்க் வாங்கியது பத்து வருடத்துக்கும் மேல் வரக்கூடியது. நல்ல வியாபாரம்.

தாமதவாசகி:

டெஸ்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஜோயலின் துக்கத்தை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று குறுக்குக்கேள்வி சொன்னதை நான் ஏற்கவில்லை. 2010-ன் அந்த மதியச் சாப்பாட்டில் டெஸ் உட்கார்ந்து சிரிக்கிறாள். நாம் அவளை அதுவரை எங்கே பார்த்தோம்? அடிபட்டு, அழுக்காக, ஓடிக்கொண்டு. அவள் செத்த பிறகுதான் அவள் ஒரு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதை நமக்குக் காட்டுகிறார்கள். ஃபிராங்கும் அவளும் வீட்டுக்குள் போய்ப் பேசிக்கொள்கிறார்கள், ஆண்கள் இருவரும் வெளியே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை உண்டாக்கியதே அவர்கள் இருவரும்தான்.

அப்புறம் கடிதம். எல்லி சத்தமாகப் படித்துக்கொண்டு வருகிறாள், ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறாள். ஜோயல் வாங்கிப் பார்க்கிறார். இந்த ஆயுதங்களை வைத்து டெஸ்ஸைக் காப்பாற்று என்று எழுதியிருக்கிறது. அவள் ஏற்கனவே செத்துவிட்டாள். ஜோயல் வெளியே போய்த் தனியாக நிற்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பில் விடை எழுதிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள், ஆனால் அந்த விடை ஜோயல் கைக்கு வருவதற்குள் காலாவதியாகிவிட்டது. அவர் வேலையில் ஏற்கனவே தோற்றுவிட்டார் என்றுதான் அந்தத் தாள் அவரிடம் சொல்கிறது. எல்லியை விட்டுவிட்டுப் போகாமல் வண்டியில் ஏற்றிக்கொள்வதற்கு அவருக்கு இருந்த காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜாய்ஸ்டிக்:

@தாமதவாசகி, சரியாகப் பிடித்தீர்கள். காலாவதியான கடிதம் என்ற அந்தப் பார்வையில் நான் யோசிக்கவே இல்லை.

மழைக்காகம்:

இரவுவிழிப்பு அவர்களே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுத முடியவில்லை. நான் இழையைத் தொடங்கியபோது கடைசி நாளைக் கண்டு அழுதேன், அது ஏன் உறுத்துகிறது என்று மட்டும் தெரியவில்லை. அந்தப் பத்து வருடம்தான் உறுத்தியிருக்கிறது. நான் அதைத் தாண்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. உங்கள் கணவரைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

நேற்று திரும்பவும் பார்த்தேன். இந்தத் தடவை அந்தப் பத்து வருடத்தை வீட்டுக்குள் தேடிக்கொண்டே பார்த்தேன். சுவரில் ஃபிராங்க் வரைந்த பில்லின் ஓவியங்கள் மாட்டியிருக்கின்றன. அத்தனையும் அந்த வருடங்களில் கை இன்னும் கேட்கும்போது வரைந்தவையாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலி போவதற்கு வழி விட்டு வீட்டை வைத்திருக்கிறார்கள். காட்டவில்லை என்பதற்கு இது பதில் ஆகாது, நீங்கள் சொன்ன குறை குறைதான். ஆனால் யாரோ அதை மனதில் வைத்து அந்த வீட்டை அமைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசிக் காட்சியில் ஜோயலும் எல்லியும் வண்டியில் போவதை நாம் ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். படுக்கையறை ஜன்னல். வீடு நாறக் கூடாது என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று கடிதத்தில் பில் எழுதியிருந்தாரே, அதுதான். நாம் அவர்கள் இருவரோடும் அந்த அறைக்குள் இருக்கிறோம், காற்று வருகிறது, வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

நாலாவது எபிசோடை இன்று இரவு பார்க்கப் போகிறேன். பெட்ரோல் விஷயத்தைத் தவிர வேறு எதையும் யாரும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.